35 கிராமிலிருந்து ஐந்தரை கிலோ வரை: ஆஸ்திரேலியாவின் சின்ன விலங்குகள் ஏன் அற்றுப்போயின?

விலங்கினம் அழிகிறது என்று யாராவது சொன்னால் நம் மனக்கண்ணில் புலி வரும், யானை வரும், காண்டாமிருகம் வரும். எலியோ அணிலோ வராது. அவைதான் வதவதவென்று குட்டி போடுமே, அவற்றுக்கு என்ன பஞ்சம் என்று நினைத்துக்கொள்கிறோம். வீட்டுக்குள் ஓர் எலி புகுந்துவிட்டால் அதை விரட்டுவதற்குள் நாம் படும் பாடு நமக்குத் தெரியும். அந்த ஒரு எலியை வைத்தே உலகத்தின் எல்லாச் சின்ன விலங்குகளையும் கணக்குப் போட்டுவிடுகிறோம்.

ஆஸ்திரேலியாவில் இந்தக் கணக்கு பொய்த்துப்போனது. 1788-இல் ஐரோப்பியர் அங்கே குடியேறத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு, அங்கு மட்டுமே வாழ்ந்த முப்பதுக்கும் மேற்பட்ட பாலூட்டி இனங்கள் அடியோடு அற்றுப்போயின. கடந்த ஐந்நூறு ஆண்டுகளில் உலகம் முழுக்க அற்றுப்போன பாலூட்டிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரே நாட்டுக்கணக்கு. அவற்றில் பெரும்பாலானவை சின்ன விலங்குகள். உள்ளங்கையில் அடங்கும் எலி, முயல் அளவே உள்ள கங்காரு, மண்ணைக் கிண்டித் தின்னும் கூர்மூக்கு விலங்கு.

அந்தக் கூர்மூக்கு விலங்கின் பெயரில் நம் பக்கத்துச் சொல் ஒன்று ஒளிந்திருக்கிறது. நாம் பெருச்சாளி என்பதைத் தெலுங்கில் பந்திகொக்கு என்பார்கள். பன்றி எலி என்று பொருள். ஆங்கிலேயர் வாயில் அது ‘பாண்டிகூட்’ ஆனது. ஆஸ்திரேலியாவுக்குப் போனவர்கள் அங்கே பார்த்த ஒரு விலங்குக்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். உண்மையில் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பெருச்சாளி கொறிக்கும் விலங்கு. ஆஸ்திரேலிய பாண்டிகூட், கங்காருவைப் போல வயிற்றுப்பையில் குட்டியை வளர்ப்பது. அதில் ஓர் இனத்துக்கு முன்காலில் பன்றிக் குளம்பு மாதிரி இரண்டே விரல்கள். பன்றிக்கால் பாண்டிகூட் என்று பெயர். அருங்காட்சியகத்துக்கு அது கடைசியாகப் பிடிபட்டது 1901-இல். பாலைவனத்துப் பழங்குடி மக்களுக்கு 1950-கள் வரைக்கும் அதை நேரில் பார்த்த நினைவு இருந்தது. இன்று அது எங்கும் இல்லை.

எடையில் இருந்த துப்பு

எவை அழிந்தன, எவை தப்பின என்று பட்டியல் போட்டுப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். ஆண்ட்ரூ பர்பிட்ஜ், நார்மன் மெக்கென்சி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1989-இல் இதைத் தெளிவாக எழுதினார்கள். அழிந்தவையும் அருகிப்போனவையும் பெரும்பாலும் 35 கிராமுக்கும் 5.5 கிலோவுக்கும் இடைப்பட்ட எடை கொண்டவை. வறண்ட நிலத்தில் வாழ்ந்தவை. தரையில் நடமாடியவை. மரத்தில் ஏறுபவையும் பாறை இடுக்கில் பதுங்குபவையும் அவற்றைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தன. இந்த எடைக்கு ‘அபாய எடை’ என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

ஏன் இந்த எடை? சுண்டெலி அளவுக்குச் சின்னதாக இருந்தால் மண்வெடிப்புக்குள் புகுந்துவிடலாம், கொஞ்சம் விதை கிடைத்தால் நாளை ஓட்டிவிடலாம். செங்கங்காரு அளவுக்குப் பெரிதாக இருந்தால் நெருங்க வருபவன் யோசிப்பான், தண்ணீரைத் தேடி நெடுந்தூரம் போகவும் முடியும். இரண்டுக்கும் நடுவில் இருப்பவற்றுக்கு ஒளியவும் வழியில்லை, எதிர்க்கவும் பலமில்லை. வேட்டையாடும் ஒரு விலங்குக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சரியான அளவு அது.

அந்த வேட்டை விலங்குகள் இரண்டு. பூனையும் செந்நரியும். இரண்டுமே கப்பலில் வந்தவை. முதல் குடியேற்றக் கப்பல்களிலேயே, 1788-இல், பூனை வந்துவிட்டது. அடுத்த நூறு ஆண்டுகளுக்குள் கண்டம் முழுக்கப் பரவியது. செந்நரியைக் கொண்டுவந்தவர்கள் இங்கிலாந்தில் போலக் குதிரையேறி நரி வேட்டை ஆடுவதற்காகக் கொண்டுவந்தார்கள். 1870-களில் மெல்பர்னைச் சுற்றிய பகுதியில் அது வேரூன்றியது. வெப்பமண்டல வடபகுதி நீங்கலாக, சில பத்தாண்டுகளில் கண்டத்தின் பெரும்பகுதியைப் பிடித்துவிட்டது. இன்று அந்நாட்டில் காட்டுப்பூனையாகத் திரியும் வீட்டுப்பூனைகளின் எண்ணிக்கை, மழை பொய்த்த காலத்தில் 21 லட்சம், நல்ல மழை பெய்த காலத்தில் 63 லட்சம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

அங்கே வேட்டை விலங்குகள் முன்பு இல்லாமல் இல்லை. டிங்கோ நாய் உண்டு, கழுகு உண்டு, குவால் என்ற சிறிய ஊனுண்ணி உண்டு. ஆனால் பூனையைப் போல மூச்சுக் காட்டாமல் பதுங்கிப் பாயும் ஒன்றை அந்த விலங்குகளின் முன்னோர் சந்தித்ததே இல்லை. எந்த வாசனைக்கு ஓட வேண்டும், எந்த அசைவுக்கு உறைந்து நிற்க வேண்டும் என்பது பல்லாயிரம் தலைமுறைகளாக உடம்பில் ஊறி வருகிற பாடம். அந்தப் பாடம் இல்லாத விலங்கு, எதிரியின் முன்னால் தன் பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்கும்.

தீவுகள் சொன்ன சாட்சி

பூனையும் நரியும்தான் காரணம் என்று எப்படி உறுதியாகச் சொல்வது? நிலம் மாறியது, ஆடுமாடு வந்தது, வறட்சி வந்தது, எல்லாம் ஒரே சமயத்தில் நடந்ததே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தீவுகளில் கிடைத்தது.

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் பெர்னியர், டோர் என்று இரண்டு தீவுகள். கடல்மட்டம் உயர்ந்தபோது பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பெருநிலத்திலிருந்து துண்டிக்கப்பட்டவை. வறட்சி அங்கேயும்தான், வெயில் அங்கேயும்தான். நரி மட்டும் அங்கே போய்ச் சேரவில்லை, பூனையும் நிலைபெறவில்லை. பூடி என்ற வளைதோண்டும் குட்டிக் கங்காரு, பட்டைபோட்ட முயல்வாலபி (வாலபி என்பது சிறிய வகைக் கங்காரு), ஷார்க் விரிகுடா எலி என்று பெருநிலத்தில் இல்லாமல் போன பல விலங்குகள் அந்தத் தீவுகளில் உயிரோடு இருந்தன. பூடி ஒரு காலத்தில் ஆஸ்திரேலியாவின் பாதிக்கு மேல் பரவியிருந்த விலங்கு. கடைசியில் ஒருசில தீவுகள்தான் அதற்கு மிஞ்சின.

தாஸ்மானியாவும் அப்படித்தான். அங்கே பூனை உண்டு, நரி நிலைகொள்ளவில்லை. கிழக்குக் குவால் அங்கே வாழ்கிறது. பெருநிலத்தில் அது கடைசியாகக் காணப்பட்டது 1963-இல், சிட்னி நகரத்தின் வோக்ளூஸ் பகுதியில்.

இன்னொரு சாட்சி, மேற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கும் பாறைக்குன்றுகளிலிருந்து வந்தது. ஒவ்வொரு குன்றிலும் கொஞ்சம் பாறைவாலபிகள் எஞ்சியிருந்தன. 1980-களில் ஜாக் கின்னியர் குழுவினர் சில குன்றுகளைச் சுற்றி நரிக்கு விஷ இரை வைத்தார்கள், மற்றவற்றை அப்படியே விட்டார்கள். இரை வைத்த குன்றுகளில் வாலபிகள் பெருகின. விட்ட குன்றுகளில் அப்படிப் பெருகவில்லை. அவர்கள் வைத்த விஷத்துக்கு 1080 என்று பெயர். அந்தப் பகுதிச் செடிகள் சிலவற்றில் இயற்கையாகவே இருக்கும் நஞ்சுதான் அது. உள்ளூர் விலங்குகள் காலங்காலமாக அந்தச் செடிகளோடு வாழ்ந்து பழகிவிட்டதால் அவற்றுக்குத் தாங்கும் சக்தி உண்டு, நரிக்கு இல்லை. அந்த மண்ணே எடுத்துக்கொடுத்த மருந்து என்று எனக்குத் தோன்றும்.

முயல் செய்த வேலை

கதை இத்தோடு முடிந்தால், இறக்குமதியான இரண்டு வேட்டை விலங்குகள் தின்றுவிட்டன என்று சொல்லிப் போய்விடலாம். ஆனால் ஒன்று உறுத்துகிறது. வழக்கமாக இரை குறைந்தால் வேட்டை விலங்கும் பட்டினியில் குறையும். பிறகு இரை கொஞ்சம் தலையெடுக்கும். இந்த ஏற்றத்தாழ்வில்தான் காடு ஓடுகிறது. இங்கே ஏன் கடைசி விலங்கு வரைக்கும் போனது?

1859-இல் தாமஸ் ஆஸ்டின் என்பவர் விக்டோரியாவில் தன் பண்ணைக்கு இங்கிலாந்திலிருந்து சுமார் இரண்டு டஜன் முயல்களை வரவழைத்தார். வேட்டை விளையாட்டுக்காகத்தான். அவை பெருகிய வேகம் எல்லோருக்கும் தெரிந்த கதை. மேற்கு ஆஸ்திரேலியாவில் முயலைத் தடுக்க 1901-இலிருந்து 1907 வரை கண்டத்தின் குறுக்கே வேலி போட்டார்கள், அதையும் தாண்டிப் போயின.

இந்த முயல்தான் பூனைக்கும் நரிக்கும் சோறு. உள்ளூர் விலங்கு தொட்டுக்கொள்ளும் கறி. கறி தீர்ந்தாலும் சோறு இருக்கிறவரை சாப்பிடுகிறவன் எழுந்து போகமாட்டான். பூடியோ, நீளக்காது கொண்ட பாண்டிகூட் வகையான பில்பியோ குறைந்ததால் நரி பட்டினி கிடக்கவில்லை. முயலைத் தின்று கொழுத்து, குட்டி போட்டு, வழியில் கண்ட பூடியையும் பிடித்தது. வறட்சி வந்து முயல் மொத்தமாகச் செத்தபோது நிலைமை இன்னும் மோசம். முயலை நம்பிப் பெருகியிருந்த அத்தனை வாய்களும் மிச்சமிருந்த உள்ளூர் விலங்குகள் பக்கம் திரும்பின. பூடி ஒரு பேறில் ஒரே ஒரு குட்டிதான் போடும். அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க அதனால் எப்படி முடியும்?

முயலும் ஆடுமாடும் செய்த இன்னொரு கேடு, மேய்ந்து மறைவை இல்லாமல் செய்தது. வறட்சிக் காலத்தில் சின்ன விலங்குகள் ஈரம் தங்கும் சில பள்ளங்களில், ஓடைக்கரைகளில் உயிரைப் பிடித்துக்கொண்டு இருக்கும், மழை வந்ததும் அங்கிருந்து மறுபடி பரவும். அதே பள்ளங்களைத்தான் ஆடும் மாடும் முயலும் தேடி வந்தன. புல்லும் புதரும் போய் வெறும் தரையானது. பூனையின் கண்ணுக்கு எல்லாம் வெட்டவெளி.

ஊலகுண்டாவும் மாலாவும்

இரண்டு விலங்குகளைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்த்தால் இந்தக் காரணங்கள் எப்படி ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன என்று புரியும்.

ஊலகுண்டா என்று பழங்குடி மக்கள் அழைத்த பாலைவன எலிக்கங்காரு ஏறத்தாழ ஒரு கிலோ எடை உள்ளது. சுட்டெரிக்கும் வெட்டவெளியில், சின்னப் பள்ளம் பறித்து, புல்லும் சுள்ளியும் சேர்த்துக் கூடு கட்டி, கூரை வழியே தலையை மட்டும் நீட்டிச் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருக்கும். 1843-இல் ஜான் கூல்ட் என்ற இயற்கையியலாளர் அதைப் பற்றி முதலில் எழுதினார். அதற்குப் பிறகு ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் எந்த அறிவியலாளர் கண்ணிலும் படவில்லை. 1931-இல் நல்ல மழைக்குப் பிறகு ஹெட்லி ஃபின்லேசன் என்ற ஆய்வாளர் அதைத் தேடி தென் ஆஸ்திரேலியாவின் ஏர் ஏரியின் கிழக்குப் பக்கம் போனார், கண்டுபிடித்தார். குதிரையில் விரட்டியபோது அந்தக் குட்டி உடம்பு ஏறத்தாழ 19 கிலோமீட்டர் ஓடியது. குதிரைகளை மாற்ற வேண்டி வந்தது, அது நிற்கவில்லை. அவ்வளவு வலு உள்ள விலங்கு. அதே காலத்தில் நரி அந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. 1935-க்குப் பிறகு ஊலகுண்டாவை உறுதியாகப் பார்த்தவர் யாரும் இல்லை. தொண்ணூறு ஆண்டு காணாமல் இருந்து கிடைத்தது, கிடைத்த நாலே ஆண்டில் போய்விட்டது. இதைப் படித்த நாளிலிருந்து அந்தக் கூரை வழியே எட்டிப்பார்க்கும் தலை என் நினைவைவிட்டு அகலவில்லை.

மாலா முயல் அளவே உள்ள ஒரு வாலபி. உலுரு பாறையைச் சுற்றி வாழும் அனங்கு மக்களின் தொன்மக் கதைகளில் மாலா முன்னோர்களுக்குப் பெரிய இடம் உண்டு. பகலில் அது ஸ்பினிஃபெக்ஸ் என்ற புல்லின் அடியில் படுத்திருக்கும். ஊசி ஊசியாகக் குத்தும் புல் அது, பிசின் நிறைந்தது, தீப்பிடித்தால் எண்ணெய் ஊற்றியது போல எரியும்.

இந்த நிலத்தைப் பழங்குடி மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தீயால் பராமரித்தார்கள். நடந்து போகும் வழியில் இங்கே ஒரு துண்டு, அங்கே ஒரு துண்டு என்று கொளுத்துவார்கள். வேட்டைக்கு வசதி, புதுத்தளிர் வரும், மூலிகையும் கிழங்கும் கிடைக்கும். அதனால் நிலம் ஒட்டுப்போட்ட துணி மாதிரி இருந்தது. இங்கே போன வருடம் எரிந்த இளம்புல், பக்கத்தில் பத்து வருடமாக எரியாத அடர்ந்த புதர். மாலாவுக்கு இரண்டுமே வேண்டும். மேய இளம்புல், ஒளிய முதிர்ந்த புல். ஒரு பக்கம் தீ பிடித்தாலும் முன்பே எரிந்த துண்டில் வந்து அணைந்துவிடும். இருபதாம் நூற்றாண்டில் அந்த மக்களைப் பாலைவனத்திலிருந்து பெயர்த்து மிஷன்களுக்கும் குடியிருப்புகளுக்கும் கொண்டுபோனார்கள். தீ வைக்கும் கை போனது. புல் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே வயதில் வளர்ந்தது. பிறகு ஓர் இடி விழுந்தால் போதும், அத்தனையும் ஒரே மூச்சில் எரியும்.

1980-களில் மத்திய ஆஸ்திரேலியாவின் தனாமி பாலைவனத்தில் மாலாக்கள் இரண்டு சின்னக் கூட்டங்களாக மட்டும் எஞ்சியிருந்தன. ஒரு கூட்டத்தை 1987-இல் ஒற்றை நரி முடித்தது. அடுத்ததை 1991 அக்டோபரில் ஒரு காட்டுத்தீ முடித்தது. பெருநிலத்துக் காட்டில் மாலா அத்தோடு இல்லை. நல்ல காலம், அதற்குப் பத்தாண்டு முன்பே சிலவற்றைப் பிடித்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வளர்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

ஒரு நரியும் ஒரு தீயும் எப்படி ஓர் இனத்தையே முடிக்க முடியும்? பாலைவனம் முழுக்கப் பரவியிருந்த காலத்தில் முடிந்திருக்காது. இரண்டு கைப்பிடியாகச் சுருங்கிய பிறகுதான் முடிந்தது. அற்றுப்போவதில் இரண்டு கட்டம் இருக்கிறது என்பதை இங்கே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். முதல் கட்டத்தில் பல காரணங்கள் சேர்ந்து மெல்ல மெல்ல எண்ணிக்கையைக் கரைக்கும். கடைசிக் கட்டத்தில் எது வேண்டுமானாலும் முடித்துவைக்கும்: ஒரு வறட்சி, ஒரு தீ, ஒரு நோய். செய்தியில் நாம் படிப்பது பெரும்பாலும் அந்தக் கடைசிக் காரணத்தைத்தான்.

நரி இல்லாத வடக்கு

வடபகுதியில் நரி இல்லை என்றேன். அப்படியானால் அங்கே எல்லாம் நலமாக இருக்க வேண்டும். நெடுங்காலம் அப்படித்தான் நம்பினார்கள். காக்கடு தேசியப் பூங்கா உலகப் புகழ்பெற்ற பாதுகாக்கப்பட்ட காடு. அங்கே ஒரே இடங்களில் மறுபடி மறுபடி பொறி வைத்துக் கணக்கெடுத்தபோது, 2001–04 காலத்துக்கும் 2007–09 காலத்துக்கும் நடுவில் பிடிபட்ட சின்னப் பாலூட்டிகளின் எண்ணிக்கை 71 சதவீதம் குறைந்திருந்தது. ஓர் இடத்தில் கிடைக்கும் இனங்களின் எண்ணிக்கை 54 சதவீதம் குறைந்திருந்தது. காவல் உள்ள காட்டுக்குள்ளேயே இது நடந்தது.

அங்கே பூனையும் தீயும் கைகோத்துக்கொண்டன. வடமேற்கில் உள்ள கிம்பர்லி பகுதியில் பூனைகளுக்கு ஜிபிஎஸ் பட்டை மாட்டிப் பார்த்தார்கள். எங்கோ புதிதாகப் புல் எரிந்த இடத்தைத் தேடிச் சில பூனைகள் தம் எல்லையை விட்டு 12 கிலோமீட்டர் வரை நடந்துபோயின. தீ ஒரு சின்ன விலங்கைக் கொல்லாமல் விட்டிருக்கலாம். வளைக்குள் இருந்தது தப்பியிருக்கலாம். வெளியே வந்து பார்த்தால் சாம்பல்தரையில் ஒளிய ஒரு புல்லும் இல்லை, பூனை வந்து காத்திருக்கிறது. மாடு மேயும் இடமும் இதே போலத்தான்.

வடக்குக் குவாலுக்கு வேறு ஆபத்து. 1935-இல் குயின்ஸ்லாந்தின் கரும்பு வயல்களில் வண்டை ஒழிக்கக் கரும்புத்தேரையைக் கொண்டுவந்து விட்டார்கள். உடம்பெல்லாம் நஞ்சு உள்ள தேரை. அதைத் தவளை என்று நினைத்துக் கடிக்கும் குவால் செத்துப்போகும். தேரை போய்ச் சேர்ந்த பல இடங்களில் குவால் இல்லாமல் போனது.

தீவுகளுக்கும் எப்போதும் காப்பு இல்லை. கிறிஸ்துமஸ் தீவுக்கு 1899-இல் கப்பலோடு கறுப்பு எலிகள் வந்தன. அவை கொண்டுவந்த ஒட்டுண்ணி நோயில் அந்தத் தீவுக்கே உரிய இரண்டு எலி இனங்கள் பத்தாண்டுக்குள் அழிந்தன. பழைய அருங்காட்சியகத் தோல்களின் மரபணுவில் பின்னாளில் அந்த ஒட்டுண்ணியின் தடயம் கிடைத்தது. டாரஸ் நீரிணையில் பிராம்பிள் கே என்ற நாலைந்து ஹெக்டேர் மணல்திட்டில் மட்டும் ஓர் எலி வாழ்ந்தது. கடல் பொங்கி வந்து திரும்பத் திரும்பத் திட்டை மூடியதில் செடிகொடி அழிந்தது, எலிக்கு உணவும் இல்லை, மறைவும் இல்லை. 2009-க்குப் பிறகு யாரும் அதைப் பார்க்கவில்லை. 2019-இல் ஆஸ்திரேலிய அரசு அற்றுப்போனதாக அறிவித்தது. மனிதர் வரவழைத்த பருவநிலை மாற்றத்தால் அற்றுப்போன முதல் பாலூட்டி என்று அது குறிப்பிடப்படுகிறது.

போனால் என்ன?

எலி போனால் என்ன, பாண்டிகூட் போனால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. வாய்லி என்ற குட்டிக் கங்காரு ஒன்றரை கிலோ கூட இருக்காது. மண்ணுக்கடியில் விளையும் காளானைத் தேடி இரவெல்லாம் பறிக்கும். ஒரு வாய்லி ஓர் ஆண்டில் ஏறத்தாழ 5 டன் மண்ணைப் புரட்டுகிறது. அந்தக் குழிகளில் மழைநீர் இறங்கும், சருகு மக்கும், விதை முளைக்கும். அது தின்ற காளானின் வித்து அதன் எச்சத்தோடு வேறிடம் போகும், அந்தக் காளான் மரவேரோடு சேர்ந்து வாழும். ஏர் இல்லாமல் உழுதுகொண்டிருந்த கூட்டம் அது. கண்டத்தின் பெரும்பகுதியில் இப்போது அந்த உழவு நடக்கவில்லை. மண் இறுகிக் கிடக்கிறது.

இப்போது செய்துவரும் வேலைகளில் எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது வேலிகளும் தீவுகளும். ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடமேற்கே நியூஹேவனில் 44 கிலோமீட்டர் நீளத்துக்குப் பூனை ஏற முடியாத வேலி போட்டு, உள்ளே இருந்த பூனைகளை எல்லாம் அகற்றினார்கள். மாலாவையும் அங்கே விட்டிருக்கிறார்கள். ஆனால் வேலிக்குள்ளேயே வளர்ந்தால் எதிரியைக் கண்டு அஞ்சவே தெரியாது. ஆகவே ராக்ஸ்பி டவுன்ஸ் அருகே ‘ஆரிட் ரிகவரி’ காப்பகத்தில், ஒரு பகுதிக்குள் கொஞ்சம் பூனைகளை வேண்டுமென்றே விட்டு, பில்பிகளை அவற்றோடு வாழப் பழக்கினார்கள். அப்படிப் பழகிய பில்பிகள், பழகாதவற்றைவிட, பூனை உள்ள வேறிடத்தில் விட்டபோது அதிகமாகப் பிழைத்தன. பல்லாயிரம் தலைமுறைப் பாடத்தின் முதல் அட்சரம் அது.

ஷார்க் விரிகுடாவிலேயே டர்க் ஹார்டாக் என்ற பெரிய தீவு இருக்கிறது. ஆடுகள் மேய்ந்து, பூனைகள் தின்று, உள்ளூர் விலங்குகள் பெரும்பாலும் போய்விட்ட தீவு. ஆடுகளை வெளியேற்றி, கடைசிப் பூனை வரைக்கும் தேடிப்பிடித்து, 2018-இல் பூனை இல்லாத தீவு என்று அறிவித்தார்கள். பக்கத்துத் தீவுகளான பெர்னியரிலிருந்தும் டோரிலிருந்தும் முயல்வாலபிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். ஷார்க் விரிகுடா எலியும் வந்தது. அதற்கு ஜூங்காரி என்றும் பெயர்.

2021-இல் இன்னொன்றும் தெரியவந்தது. பெருநிலத்தில் 150 ஆண்டுகளுக்கு மேல் யாரும் பார்க்காமல், அற்றுப்போனதாகக் கணக்கில் எழுதிவிட்ட ‘கூல்ட் எலி’யின் பழைய தோல்களை எடுத்து மரபணுவை ஒப்பிட்டார்கள். அதுவும் ஜூங்காரியும் ஒரே இனம். கண்டத்தின் குறுக்கே வாழ்ந்து மறைந்த அந்த எலி, பூனை போகாத ஒரு குட்டித் தீவில் இத்தனை காலமும் வளை பறித்து வாழ்ந்துகொண்டிருந்தது.